பரணிலிருந்து இறங்கிய குண்டான்

என் அம்மாவுக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. பால்காரர் ஊற்றிய பாலை விரல் நுனியில் தொட்டு வழியவிட்டுப் பார்ப்பாள். கடையில் பருப்பு நிறுக்கும்போது தராசைப் பார்க்கமாட்டாள், கடைக்காரரின் கையைத்தான் பார்ப்பாள். ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, கொஞ்ச நாள் அரிசியை ஒவ்வொன்றாகக் கடித்துக்கூடப் பார்த்தாள். அப்படிப்பட்டவள் சந்தேகப்படாத ஒரே பொருள் எங்கள் வீட்டு அலுமினியக் குண்டான். சோறு, புளிக்குழம்பு, மழைக்காலத்தில் வெந்நீர் எல்லாம் அதில்தான்.

குண்டானைச் சந்தேகப்பட்டது அத்தை. அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு விடிவதற்குள் வந்துவிடும் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஒரகடம் பக்கம் வேலைக்குப் போவாள். புளியும் தக்காளியும் அலுமினியத்தை அரிக்கும், அரித்தது குழம்போடு வயிற்றுக்குள் போகும் என்று கம்பெனியில் யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குண்டானை வெயிலில் சாய்த்துப் பிடித்து, என் விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னாள். அடிப்பக்கம் முழுக்கக் குழிகுழியாக இருந்தது.

உடனே அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அத்தையின் மேல்.

"இத்தினி வருசமா துன்ன சோத்துல இல்லாத வெசம், இப்ப எங்கேர்ந்து வந்துது?"

அம்மாவின் கணக்கு வேறு. வீட்டுக்கென்று சொல்லிப் புதுப் பாத்திரம் வாங்க வைத்து, பிறகு கல்யாணத்தில் அத்தை அதையும் சேர்த்து மூட்டை கட்டிவிடுவாள் என்று அப்பாவிடம் சொன்னாள். நெல் மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு வந்திருந்த அப்பா, சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டார். அவருக்கு எந்தச் சட்டியில் வெந்தாலும் சோறு சோறுதான்.

இத்தனைக்கும் எங்கள் பரணில் ஒரு சாக்கு நிறைய எவர்சில்வர் பாத்திரங்கள் இருந்தன. அத்தை வயதுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த சீர். எல்லாம் கனமான பாத்திரங்கள், விளிம்பில் அத்தையின் பெயர் புள்ளிபுள்ளியாக வெட்டியிருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அவற்றில் உலை வைத்தால் கல்யாணம் தட்டிப்போகும் என்பார்கள். அம்மா பொங்கலுக்குப் பொங்கல் இறக்கித் துடைத்து, மறுபடி பழைய பேப்பரில் சுற்றி மேலே ஏற்றிவிடுவாள். நல்ல பாத்திரங்கள் மேலே தூங்க, நாங்கள் கீழே குழி விழுந்ததில் பொங்கித் தின்றோம். அது விசித்திரம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அத்தை போனஸ் வாங்கியதும் பஜாரில் ஒரு நான்ஸ்டிக் தோசைக்கல் வாங்கி வந்தாள். மரக்கரண்டிதான் போட வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அவ்வளவு கறுப்பாக ஒரு பொருள் சுத்தமாக இருக்க முடியாது என்று அம்மாவுக்குச் சந்தேகம். கம்பி நாரையும் சாம்பலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், அடியில் வெள்ளை தெரியும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் தோசையெல்லாம் எள் தூவிய மாதிரி இருந்தது.

அத்தை சண்டை போடவில்லை. இனி இதில் சுடக் கூடாது என்று அதைக் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கொடுத்துவிட்டாள். அடுத்து ஒரு மண்சட்டி வந்தது. சாயம் பூசியிருக்கிறதா என்று அம்மா முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அத்தை அதை ஊறவைத்து, கஞ்சி காய்ச்சிப் பழக்கிய பிறகு புளிக்குழம்பு அதற்கு மாறியது. இவளுக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்பதுதான் அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அதற்குள் தென்னேரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மண்டிக்குப் போனதும், அத்தை ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்த சாக்கை இறக்கி, அதிலிருந்து ஓர் எவர்சில்வர் குண்டானை எடுத்தாள். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அது உன் கல்யாணத்துக்கு வச்சது. அத எறக்கி இன்னா பண்ணப் போற?"

"சோறாக்கப் போறேன் அண்ணி. இந்தக் குண்டான் அடி கெட்டியா கீது. தீய கொறச்சி வச்சா புடிக்காது. இனிமே இத்தயே வச்சிக்க."

"அப்ப உனுக்கு?"

"எனுக்கு வோணாம் அண்ணி. புள்ளைக்கு இதுல ஆக்கிப் போடு."

அம்மா குண்டானைக் கையில் வாங்கினாள். வழக்கம்போல் தட்டிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கடைக்காரரின் கையைப் பார்ப்பதுபோல அத்தையின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டாள். அன்றைய சோறு எனக்கு ஏனோ அவ்வளவு பிடித்திருந்தது. பழைய குண்டான் பாத்திரக்காரரிடம் போய் ஒரு பிளாஸ்டிக் குடமாகத் திரும்பி வந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு விடியலில் கம்பெனி பஸ் ஏறிய அத்தை திரும்பி வரவில்லை. கையில் எடுத்துப் போனது டிபன் பாக்ஸ் மட்டும்தான். கூட வேலை செய்தவரை, எங்கள் சாதியில்லாதவரை, கட்டிக்கொண்டாள் என்று சேதி வந்தது. அப்பா கூரை அதிரக் கத்தினார். உன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போயிருக்கிறாளே, உனக்கு ஒன்றுமே தெரியாதா என்று அம்மாவைக் கேட்டார்.

"எனுக்கு இன்னா தெரியும்? குண்டான குடுத்தா, வாங்கிக்கினேன்."

அத்தை போனதில் எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அதைவிட அம்மாவின் மேல் கோபம். அரிசியைக்கூடக் கடித்துப் பார்க்கிறவள் இதைப் போய்க் கோட்டை விட்டுவிட்டாளே என்று நினைத்துக்கொண்டேன். ஒன்று கேட்டால் ஒன்பது கேட்கிற அம்மா, அந்த ஞாயிற்றுக்கிழமை "அப்ப உனுக்கு?" என்பதோடு நிறுத்திக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தது எதனால் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.