குவளை தட்டினால் வரும் மான்

எனக்கு எழுபத்தொன்று நடக்கிறது. ஒன்பது பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்பதில் ஒன்றுகூட நான் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வராது. வளர்ப்பு சரியில்லை என்று நாத்தனார் சாகும்வரை சொன்னாள். வளர்த்ததே அப்படித்தான் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கெல்லாம் முன்னால் நான் வளர்த்தது ஒரு மான்.

பெங்களூருக்கு மின்சார விளக்கு வராத காலம். நகரத்துப் பெரிய தோட்டம் ஒன்றில் கூண்டு கட்டி மிருகங்களை வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு அங்கே மான் பட்டியில் வேலை. தாய் ஒதுக்கிவிட்ட புள்ளிமான் குட்டியை ஒருநாள் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். தோட்டத்துத் துரையே அதைப் பிழைக்க வைக்கச் சொன்னாராம். காட்டில் மான் அற்றுப்போகிறது, இங்கே வளர்த்து அங்கே விட்டால் இனம் தழைக்கும் என்று துரை சொன்னதை எங்களுக்குச் சொல்லும்போது, அப்பாவும் துரை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அப்போது எட்டு வயது. தகரக் குவளையில் ஆட்டுப்பால் ஊற்றி, துணியை நனைத்துச் சப்பக் கொடுப்பேன். வளர்ந்ததும் அதே குவளையில் ஊறவைத்த ராகி. குவளையைத் தட்டினால் போதும், எங்கிருந்தாலும் வந்து நிற்கும். பட்டிக்குத் திரும்பிப் போன பிறகும், மற்ற மான்கள் மிரண்டு ஓட, அது மட்டும் வேலியோரம் வரும்.

எங்களோடு இருந்த சித்தப்பாவுக்குக் கேலி பேச இது போதாதா. "பொண்ணுன்னா அது பொண்ணு. தட்டினா வருது. நீயும் இருக்கியே, தொண்டை கிழியக் கத்தினாலும் வரமாட்டே."

ஆடி மாதம் அதையும் இன்னும் சில மான்களையும் வண்டியில் ஏற்றிக் காட்டில் விட்டார்கள். நான் அழவில்லை. எங்கள் வீட்டு மானால் காட்டில் இனம் தழைக்கப்போகிறது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பனிக்காலத்தில் சீமையிலிருந்து விருந்தாளிகள் அந்தக் காட்டுக்கு வேட்டைக்கு வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த பரண் பக்கம் மான் ஒன்றும் வரவில்லையாம். அப்பாவைக் கூட்டிப்போக ஆள் வந்தது. அப்பா அடுப்படிக்கு வந்தார். பிறகு என்னிடம் குவளையைக் கேட்டார். வேண்டாம், வேறு யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள் என்றாள் அம்மா. சோறு போடுகிற வேலை என்றார் அப்பா.

விருந்தாளிகளுக்கு என் மானைப் பார்க்க ஆசை போலிருக்கிறது என்று நினைத்தேன். குவளையைத் தேய்த்துக் கழுவி, ஒரு கை ராகியும் போட்டு, நானே கொடுத்தேன்.

மறுநாள் அப்பா புதுத் தலைப்பாகையோடு வந்தார். கையில் இலைப் பொட்டலம். தலையும் தோலும் விருந்தாளிக்கு, கறியில் பங்கு வேலை செய்தவர்களுக்கு. அது அங்கத்து வழக்கம்.

"என் மான் வந்துச்சாப்பா?"

"வந்துச்சு பாப்பா. தட்டின உடனே வந்துச்சு."

ஓடிப்போய் சித்தப்பாவிடம் சொன்னேன். அன்றைக்கு அவர் கேலி பேசவில்லை. சாயங்காலம் வீடெல்லாம் குழம்பு மணந்தது. வயிறு சரியில்லை என்று அப்பா இலையில் உட்காரவில்லை. அம்மா எனக்குப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். இத்தனை மாதம் கழித்தும் என் மான் குவளைச் சத்தத்தை மறக்கவில்லையே என்ற சந்தோஷத்தில் எனக்கு நல்ல பசி. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

குவளையை அப்பா காட்டிலேயே விட்டுவிட்டாராம். அன்றிலிருந்து என்னைக் குரல் கொடுத்துக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். ஏதாவது வேண்டுமென்றால் நான் இருக்கும் இடத்துக்கு அவரே எழுந்து வருவார். அப்பாவுக்கு என்மேல் கோபம் என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதுவரை எழுதினதை வாசித்துக்காட்டப் பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். "இரு பாட்டி" என்று உள்ளேயிருந்தே சொல்கிறாள். இருக்கிறேன். மெதுவாகவே வரட்டும்.