கண்ணை மூடிக்கொண்டு கேட்ட அரபி

அரபி படிப்பதில் முதல் இரண்டு மாதம் மூளைக்கு வேலையில்லை, தொண்டைக்குத்தான் வேலை. என்னைப் போல அதில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக மாணவர்களே, இதில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. ஆனால் இப்போது இல்லை. எங்கள் வகுப்பே ஒன்றரை மாதம் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது. நீங்களும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி மாவட்டமான புதுசு. பிளஸ் டூவில் இரண்டு பாடம் என்னைக் கைவிட்டிருந்தன. அப்பா என்னைப் பாத்திரக்கடை மாடியில் நடந்த அரபி வகுப்பில் சேர்த்துவிட்டார். வளைகுடா நாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான வகுப்பு. நைனார்பாளையத்திலிருந்து தினம் காலை முதல் பஸ். சொல்லிக்கொடுத்தவர் சாதிக் பாய், முப்பது வயசு. உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் பேசினாலும் அரை மணியில் அவர்கள் குரல் எனக்கு வந்துவிடும். சொந்தக் குரலும் ஒன்று இருக்கிறது. அவசரத்துக்கு மட்டும் எடுப்பேன்.

கண்ணாடி

தொண்டை நடுவிலிருந்து வரும் 'ஹா' ஒன்று இருக்கிறது. மூக்குக்கண்ணாடி துடைப்பதற்கு முன் வாயால் ஊதுவோமே, அந்தக் காற்று வேண்டும் என்றார் உஸ்தாத். மூன்று நாள் வீட்டு நிலைக்கண்ணாடி முன் நின்று ஊதினேன். கண்ணாடி பளிச்சென்று ஆனது, எழுத்து வரவில்லை. நான்காம் நாள் அடுப்படியிலிருந்து அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"மீன் முள்ளு மாட்டிக்கினா வெறும் சோத்த உருட்டி முழுங்குடா, சும்மா கொரைச்சிக்கினு நிக்காத."

இருவர்

தமிழில் ஒருவர், பலர், கதை முடிந்தது. அரபியில் இருவருக்கென்று தனியாக ஒரு வடிவம் இருக்கிறது. ஒருவர் வந்தார், இருவர் வந்தார்கள், பலர் வந்தார்கள், மூன்றும் வேறு வேறு. உஸ்தாத் ஒரு மணி நேரம் விளக்கினார். ரியாத் ஆஸ்பத்திரியில் நர்சாகப் போகவிருந்த பர்வீன் அக்கா பொறுமையாக எழுதிக்கொண்டு, நோட்டை மூடினாள்.

"ரெண்டு பேஷண்டு சேந்து வாந்தி எடுத்தா நான் இலக்கணத்தப் பாக்கறதா, பக்கெட்டப் பாக்கறதா உஸ்தாத்?"

முகம் பார்க்காத பாடம்

உஸ்தாத்துக்கு ஒரு வழக்கம். வகுப்பு ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்; நாங்கள் அன்றைய எழுத்தையும், முன்பு விட்டுப்போனது இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அது முடியும்வரை கண்ணைத் திறக்க மாட்டார். முகத்தைப் பார்த்தால் காது இரக்கப்படுமாம். தேறியவர் பெயருக்கு நேராகப் பர்வீன் அக்கா போர்டில் ஒரு கோடு போடுவாள். எழுத்துக்கு ஒன்றாக மொத்தம் இருபத்தெட்டுக் கோடு.

பட்டியலில் முதல் பெயர் முருகேசண்ணன். கல்வராயன் மலையிலிருந்து குட்டியானை வண்டியில் மரவள்ளிக் கிழங்கு இறக்குகிறவர். எழுத்தைச் சொல்லிவிட்டு அப்படியே லோடுக்கு ஓடலாம் என்று அவருக்கு மட்டும் அனுமதி. இருபத்தெட்டும் தேறும் முதல் டிரைவரைத் தன் மச்சானின் மஸ்கட் கம்பெனிக்கு அனுப்புவதாக உஸ்தாத் வாக்குக் கொடுத்திருந்தார். அண்ணன் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். கிழங்கு வெட்டு ஆரம்பித்ததும் அவரால் வகுப்புக்கே வர முடியவில்லை. மூன்று நாள் வராவிட்டால் பெயர் நீக்கம். மூன்றாம் நாள் உஸ்தாத் கண்ணை மூடி, "முருகேசு" என்றார். ஒரு பெயர் அநியாயமாகப் போகிறதே என்று, மலை வளைவில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன அந்தக் குரலை எடுத்து எழுத்தைச் சொன்னேன். வகுப்பு மொத்தமும் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டது. பர்வீன் அக்கா கோடு போட்டுவிட்டு என் தொடையில் கிள்ளினாள்.

"ஒரு நாளோட நிறுத்திக்க சுரேசு, பாவம் ரெண்டு பேருக்கும் சேருது."

நல்ல தொண்டை

நிறுத்தவில்லை. தினமும் இரண்டு முறை சொன்னேன்: முதலில் அவராக, கடைசியில் நானாக. அவர் குரல் அடித்தொண்டையிலிருந்து வருவதால் எழுத்தெல்லாம் தானாக விழுந்தது. என் குரலில் அதே எழுத்து அரைகுறை. ஒரு மாதம் கழித்து அவருக்கு இருபது கோடு, எனக்குப் பதினொன்று. உஸ்தாத் வருத்தத்தோடு என்னிடம் சொன்னார்:

"நீயும் தான் சோறு துன்ற, தொண்டைய முருகேசு மாதிரி தொறக்கறியா? அவங்கிட்ட போயி கேட்டுக் கத்துக்கப்பா."

இருபத்தேழு

ஒரு நாள் வகுப்பு கலைந்து, உஸ்தாத் கிளம்பிப் போன பிறகு முருகேசண்ணன் மூச்சிரைக்க வந்தார். பெயர் நீங்கியிருக்கும் என்ற பயத்தோடு போர்டைப் பார்த்தார். விரல் வைத்து எண்ணினார். மறுபடி எண்ணினார். இருபத்தேழு. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பாஸ்போர்ட்டை எடுத்துத் துண்டால் துடைத்து மறுபடி பையில் வைத்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"ஆளு வராமயே பாஸ் போடறாரு, எப்பேர்ப்பட்ட மனுசன்டா இவரு! நாளைக்கி லோடே போனாலும் வந்துடறேன்."

ஐன்

எல்லாவற்றிலும் கஷ்டமான 'ஐன்' என்ற எழுத்தை உஸ்தாத் கடைசிக்கு ஒதுக்கியிருந்தார். மறுநாள் மஸ்கட் மச்சானைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். "முருகேசு." அண்ணன் வரவில்லை. வகுப்பே என்னைப் பார்த்தது. சொன்னேன். அப்படி ஓர் ஐனை அந்த மாடி கேட்டதில்லை. "நல்ல தொண்டை. பாஸ்போர்ட் காப்பி அனுப்பு" என்றது போன்.

அப்போது மாடிப்படியிலிருந்து அதே குரல் வந்தது: "மன்னிச்சிக்குங்க உஸ்தாத், வெள்ளிமலை எறக்கத்துல டயர் பஞ்சர்ங்க."

உஸ்தாத் கண்ணைத் திறக்கவில்லை. "முருகேசு, உள்ள இருக்கியா?" என்றார். நான் புத்தகத்துக்குப் பின்னால் குனிந்தேன். "வாசல்ல இருக்கியா?" "ஆமாங்க." அதற்கப்புறம்தான் கண்ணைத் திறந்தார். வாசலைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், நிதானமாக என்னிடம் வந்து நின்றார். என்னை விட்டுக் கண்ணை எடுக்காமலே போனிடம் குனிந்தார்.

"மச்சான், கொஞ்சம் இரு. தொண்டை இங்க ஒக்காந்துக்கினு இருக்கு, பாஸ்போர்ட்டு வாசல்ல நிக்குது."

முருகேசண்ணன் மறுநாளிலிருந்து முதல் எழுத்தில் ஆரம்பித்தார், தினம் விடியலில் குட்டியானையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மலையேறி அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலை, அரபியில் இன்றுவரை எனக்குக் கிடைத்த ஒரே வேலை.