சவுக்குக் காட்டு ஏரிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

அன்று சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. காலையில் நான் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் புளியோதரைப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தேன். "மூணு மணிக்குள்ள வந்துடறேம்மா" என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு, அம்மா பதில் சொல்வதற்குள் படியிறங்கியிருந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. சேலையூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். கொடைக்கானல் போய் பைன் காட்டுக்குள் நடக்க வேண்டும் என்று ஸ்டாஃப் ரூமில் வருஷா வருஷம் பேசுவோம். வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் வீட்டில் ஏதாவது வந்துவிடும். கடைசியில் பி.டி. டீச்சர்தான் வழி சொன்னாள். அவள் என் வயசுக்காரி, சிநேகிதி. "சிறுசேரி பக்கம் சவுக்குக் காடு இருக்கு. உள்ள நடந்தா ஏரி. நமக்கு அதுதான்டி பைன்." முதல் ஆராதனையை முடித்துக்கொண்டு, சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு கேன்வாஸ் ஷூ போட்டு வந்திருந்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி மரங்களுக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் குரல் தாழ்ந்துவிட்டது. உதிர்ந்த சவுக்கு ஊசிகள் மெத்தை மாதிரி கிடந்தன, செருப்பு வழுக்கியது. மேலே காற்று ஓயாமல் இரைந்தது. மற்றவர்களுக்கு அது சுகமாக இருந்தது. எனக்கு, யாரோ பின்னாலேயே வந்து அவசரப்படுத்துகிற மாதிரி இருந்தது.

"சார், மணி என்ன?"

"இப்பத்தானே கேட்டீங்க மிஸ்" என்றார் சயின்ஸ் சார்.

வரிசை வரிசையாக நட்ட மரங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி சந்து. வெகுநேரம் நடந்தபின் நாங்கள் தின்று போட்ட ஆரஞ்சுத் தோலையே மறுபடி பார்த்தோம். எல்லோரும் சிரித்தார்கள். நான் சயின்ஸ் சாரின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். விறகுக் கட்டோடு எதிரே வந்த ஒரு பெண், "இன்னாமா, இங்கியே சுத்திகினு கீறீங்க? ஏரி அந்தாண்ட கீது" என்று கை காட்டினாள்.

மழைக்காலம் முடிந்த சமயம். ஏரி கரை முட்ட நிறைந்திருந்தது. எல்லோரும் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். நான் ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு எழுந்தேன், கரையோரம் நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். பி.டி. டீச்சர் பின்னாலேயே வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"வீட்டுக்குப் போகணுமா, போக வேணாமா? ஒண்ணு சொல்லு."

"தெரியலைடி."

"அந்த ஆளைப் பிடிக்கலையா?"

"பார்த்தாத்தானே தெரியும்? நல்ல உத்தியோகம், குரோம்பேட்டைல சொந்த வீடு. ஒரு குறையும் இல்லை. ஆனா நேத்துலேர்ந்து ஒரு இடத்துல உட்கார முடியலை."

"அப்ப போய்ப் பார்த்துட்டு வேணாம்னு சொல்லு. இங்க நின்னு லேட் பண்ணி அவங்களைத் துரத்தாதே." சொல்லிவிட்டு, சாப்பிடாத தன் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டாள்.

ரோட்டுக்கு வந்து நின்றோம். பஸ் வரவில்லை. கடைசியில் ஒரு காய்கறி வேன்காரர் முன்சீட்டில் இடம் கொடுத்தார். பி.டி. டீச்சர் எங்கள் தெருமுனை வரை வந்து விட்டுவிட்டுப் போனாள். வீட்டு வாசலில் நான்கைந்து ஜோடி செருப்புகளைப் பார்த்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. புடவைக் கரையெல்லாம் சேறு. பின்கட்டு வழியாகப் போயிருக்கலாம். கால் நேரே கூடத்துக்குள் போய்விட்டது.

அப்பா தரையைப் பார்த்தார். "பொண்ணு சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தா" என்றாள் அம்மா.

"இல்லை. ஏரிக்குப் போயிருந்தேன், காட்டு வழியா" என்றேன்.

மாப்பிள்ளைப் பையன் கோபப்படவில்லை. நல்லவிதமாகவே சிரித்தார். "பரவாயில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் இப்படியெல்லாம் போக மாட்டீங்கல்ல?"

எல்லோரும் சிரிப்பதற்குத் தயாராக இருந்தார்கள். நான் தலையைக் குனிந்து சும்மா இருந்தாலே போதும், காரியம் முடிந்திருக்கும். "போவேன்" என்றேன். திமிராகச் சொல்லவில்லை. கேட்டார், சொன்னேன்.

காபி ஆறிப்போயிற்று. அவருடைய அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஒரு வார்த்தை, போக மாட்டேன்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அம்மா அழுதாள். நானும் அழுதேன். அந்த மனிதர் போய்விட்டாரே என்று அல்ல; அன்று முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தரகர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

தொண்ணூறுகளில்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பார்க்க வந்தவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், "உங்களுக்கு நடக்கப் பிடிக்குமா?" என்று. "சுத்தமாப் பிடிக்காது. நீங்க போயிட்டு வாங்க" என்றார். அன்று ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன்.