கட்டிய மாடும் கறந்த பாலும்

என் மாமாவை மாட்டுக்கள்ளன் என்று ஒருவர் பொலிசில் முறைப்பாடு செய்தபோது எனக்குப் பத்து வயது. நோன்பு மாதம். கட்டார் நாட்டு வேலைக்காக மாமா பொலிஸ் நற்சான்றுக்குக் காத்திருந்த நேரம். வழக்கு விழுந்தால் கட்டாரை மறந்துவிட வேண்டியதுதான்.

நடந்தது இதுதான். கதிர் பிடிக்கும் நேரம் பார்த்து ஒரு பசு எங்கள் வயலில் இறங்கி வயிறு புடைக்கத் தின்றது. எங்கள் பக்கத்தில் பயிர் தின்ற மாட்டைப் பிடித்துக் கட்டுவார்கள். உடையவர் வந்து சமாதானம் பேசி அவிழ்த்துப் போவார். மாமாவும் தெருவுக்குத் தெரிய எங்கள் வாசலில் கட்டினார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் சொல்ல வைத்தார். இப்படி ஊருக்கெல்லாம் அறிவித்துத் திருடிய கள்ளனை யாராவது கண்டதுண்டா? ஆனால் தன் மாட்டுச் சங்கதி ஒலிபெருக்கியில் ஏறியது உடையவருக்கு மானப்பிரச்சினையாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வராமல் நேரே பொலிசுக்குப் போனார்.

உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, அப்போதுதான் சட்டத்தரணியாகியிருந்தார். பெண்பிள்ளை தனியே பொலிசுக்குப் போவதா என்று உம்மா என்னைக் காவலுக்கு ஸ்கூட்டியில் ஏற்றிவிட்டார். நல்ல காவல்! பொலிஸ் தொப்பியைக் கண்டாலே நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

நிலையத்தில், விசாரணைக்கு அழைக்கப்பட்டிருந்த மாமா தலைகுனிந்து நின்றார். மாட்டுக்காரர் எகிறினார். சாச்சி குரலை உயர்த்தவேயில்லை. அந்த நிதானத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமை பொங்கும்.

"சேர், உடையவர்ட சம்மதமில்லாம அவர்ட பொருள எடுத்தா மட்டும் களவாகாது. எடுக்கக்குள்ள நேர்மையில்லாத எண்ணம் இரிக்கணும். இவரு சம்மதம் கேக்கல்ல, ஓம். ஆனா ஒளிச்சி வெக்கல்லியே. உடையவரத்தானே ஊரெல்லாம் தேடின?"

பொறுப்பதிகாரி சிரித்துவிட்டார். மாமாவைப் போகச் சொல்லக் கையை அசைத்தார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

சாச்சி மட்டும் எழும்பவில்லை.

"இன்னொரு விசயம் சேர். மாடு மடி கட்டிக் கத்தினதால இந்தப் புள்ளைட உம்மா பால் கறந்தவ. அதுல தேத்தண்ணி போட்டுத்தான் நாங்க நோன்பு திறந்த. நானும் குடிச்சன். மாட்டுக்குச் சொன்ன ஞாயம் பாலுக்குச் சரிவராது. அத நாங்க எங்களுக்கெண்டு எடுத்த."

மாமாவின் முகம் செத்துப்போனது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. யாருமே கேட்கவில்லையே! படித்த மனுசிக்கு இவ்வளவு கூடவா மூளையில்லை?

மாட்டுக்காரர் சாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறியிருந்த குரல் இறங்கியது.

"நோன்பாளி குடிச்ச பாலுக்கு நான் வழக்குப் பேசவா புள்ள? கறக்காட்டி மாடுதான் பாடுபட்டிரிக்கும். அத உங்களுக்கு ஹலாலாக்கிட்டன், விடுங்க." பிறகு மாமாவைப் பார்க்காமல் பொறுப்பதிகாரியிடம் சொன்னார்: "முறைப்பாடு வேணாம் சேர்."

வெளியே வந்ததும் நான் சாச்சியை விட்டு விலகி மாமாவின் பக்கம் போய் நின்றேன். சாச்சி ஸ்கூட்டியில் சாவியைப் போடப் பார்த்தார். இரண்டு தடவை கீழே விழுந்தது; மூன்றாவது தடவையும் அது உள்ளே இறங்கவேயில்லை. கடைசியில் மாமாதான் வாங்கிப் போட்டுக் கொடுத்தார். பாவம், நோன்புக் களைப்பு என்று அப்போது நினைத்து, நோன்பு திறக்கும் மஃரிபுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று மாமாவிடம் கேட்டேன்.