நெட்டைக்காலியா, வானம்பாடியா

சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் உடைக்கும் கிரஷருக்குப் பக்கத்திலேயே என் வேலைக்காலம் போயிற்று. ஓய்வு பெற்று வந்தபோது கனத்த சத்தங்கள் மட்டுமே காதில் மிச்சம் இருந்தன. பேச்சு கேட்கும், கொசுவின் ரீங்காரம் கேட்காது. என் மனைவி இதற்கு நேர்மாறு. தெருவுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள் அவள். சர்க்கரை கண்ணைப் பிடித்துக்கொண்ட பிறகு ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் தையல் மிஷினை மூடிவைத்தாள். ஆனால் பக்கத்துத் தெருவில் யார் வண்டி நிற்கிறது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வாள்.

தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். அரியலூருக்கு வெளியே, கல் எடுத்து முடித்துக் கைவிட்ட சுரங்கம் ஒன்றை ஒட்டி, பெரிய தரிசு கிடந்தது. காலையில் அங்கே போவோம். அங்கேதான் அந்த இரண்டு பறவைகளையும் பிரித்துச் சொல்லப் பழகினோம். இரண்டும் மண் நிறம், மார்பில் கோடுகள், சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்று நெட்டைக்காலி, மற்றது வானம்பாடி.

தரையில் இருந்தால் நான் சொல்லிவிடுவேன். நெட்டைக்காலி ஒல்லி, அலகு மெல்லியது, நிமிர்ந்து நின்று வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். வானம்பாடி குண்டு, அலகு தடிமன், வால் குட்டை. மேலே எழும்பிவிட்டால் வெயிலில் கரும்புள்ளிதான் தெரியும், என் கண்ணால் பயனில்லை. அப்போது அவள் முறை.

"நெட்டைக்காலிங்க. சிப் சிப்புனு வெட்டி வெட்டிக் கத்துது."

"வானம்பாடி எப்படிக் கத்தும்?"

எத்தனை முறை கேட்டாலும் அலுக்காமல் உதட்டைக் குவித்து, எனக்கு எட்டும்படி குரலைத் தாழ்த்தி, "ச்சீ... ஈ... ஈ..." என்று இழுத்துக் காட்டுவாள். முடிவில் மூச்சு வாங்கும், சிரிப்பாள். அவளுக்கு எந்தப் பறவையும் தெரிந்ததில்லை, எனக்கு எதுவும் கேட்டதில்லை. இரண்டு பேரும் சேர்ந்தால் தவறியதில்லை.

பிறகு சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸுக்காகப் பெரம்பலூருக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். திரும்பும்போது கண் மூடிச் சாய்ந்திருப்பாள், கார் கண்ணாடியை மட்டும் ஏற்ற விடமாட்டாள். மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியிலேயே தங்கும்படி ஆயிற்று. ஒரு நாள் கேட்டாள்: "இப்ப அங்க கத்துமாங்க?"

"இந்த மழையில எங்க கத்தும். வெயில் வரட்டும், போவலாம்."

"சரி" என்றாள். அந்த வாரமே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து, மகள் என்னைத் திருச்சிக்குக் கூட்டிப்போய்க் காது மிஷின் வாங்கிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் குழாய் சொட்டுவது கேட்டது. மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது. மறுநாள் வெயில் ஏறும் முன்பே தரிசுக்குப் போனேன்.

முள்செடியின் உச்சியில் குண்டாக, குட்டை வாலோடு உட்கார்ந்திருந்த ஒன்று எழும்பியது. மேலே போய், சிறகை விரித்து உயர்த்தி, காலைத் தொங்கவிட்டபடி மெல்ல இறங்கியது. வானம்பாடிதான், சந்தேகமே இல்லை. இறங்கும்போது பாடியது. முதல் முறையாகக் கேட்டேன். மிக மெல்லிய குரல், கண்ணாடியில் விரல் நகம் படுவதுபோலக் கூர்மை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவள் எனக்குக் காட்டிய குரல் அது இல்லை. அவளுடையது தாழ்ந்தது, கொஞ்சம் கரகரப்பு.

மகள் போன் செய்தாள். "கேக்குதாப்பா?"

"கேக்குதும்மா."

"எப்படிப்பா இருக்கு?"

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவள் இழுத்துக் காட்டியதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். உதட்டைக் குவித்து நானே செய்து பார்த்தேன். மறுபடி செய்தேன். சற்றுமுன் கேட்ட பறவையின் பாட்டுத்தான் ஒவ்வொரு முறையும் வந்தது. மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். அப்போதும் அவள் குரல் வரவில்லை. பறவை மறுபடி எழும்பியது, நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.