ஆசீர்வாதம் சார் சறுக்கி விழுந்த மேடு

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை என் வருங்காலச் சம்பந்தியை நடுரோட்டில் உட்கார வைத்துவிட்டேன். வேண்டுமென்றா செய்வேன்? மரியாதை கொடுக்கப் போய் வந்த வினை!

என் மகள் எஸ்தருக்கு சேலத்திலிருந்து ஒரு வரன். பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. முதலில் அப்பா மட்டும் வந்து பார்ப்பதாகக் கடிதம். பெயர் ஆசீர்வாதம், ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர். ஏற்கெனவே இரண்டு வரன்கள் கைநழுவிப் போன வீடு எங்களுடையது. இதையும் கோட்டை விட்டால் என் மனைவி ஞானம் என்னைச் சும்மா விடுவாளா?

மைசூர் ஸ்டேஷனில் ஆளைப் பார்த்ததும் பகீரென்றது. நல்ல ஆகிருதி. நான் அவரில் பாதிதான். கோட்டு, தலைப்பாகை, பூண் போட்ட கைத்தடி...

ஜட்காவில் சொகுசான இடம் பின்பக்கம்தான். காற்று வரும், காலைத் தொங்கப் போட்டுக்கொள்ளலாம். அங்கே அவரை உட்கார்த்திவிட்டு நான் முன்னால் ஒடுங்கிக்கொண்டேன்.

வண்டிக்காரர் கரீம் சாப் திரும்பிப் பார்த்தார். "பெரியவரு கொஞ்சம் முந்தே பரலி ஸ்வாமி. மேடு வருது. நீங்க பின்னால போங்க."

"யாரை முன்னால வரச் சொல்றே? சேலத்திலேர்ந்து வந்திருக்கிற ஹெட்மாஸ்டர்! சுதந்திரம் வந்தாலும் வந்தது, உங்களுக்கெல்லாம் மட்டு மரியாதையே இல்லாம போச்சு!"

நம் அதட்டல் எப்படி? கரீம் சாப் திரும்பிக்கொண்டு குதிரையைத் தட்டிவிட்டார்.

தேவராஜ மொஹல்லா தாண்டினால் எங்கள் தெருவுக்கு ஒரு மேடு. பாதி ஏறியதும் வண்டியின் பின்பக்கம் தழைந்தது, முன்பக்கம் எழும்பியது. வயிற்றுப் பட்டை இறுகி, குதிரையின் முன்னங்கால்கள் தரையில் பாவாமல் தத்தளித்தன. கரீம் சாப் குதித்து முன்கட்டையைப் பிடித்துத் தொங்கினார். அதற்குள் கோட்டு, தலைப்பாகை, கைத்தடி — எல்லாம் சேர்ந்து வழுக்கிக்கொண்டு ரோட்டில்!

எஸ்தரின் கல்யாணப் பேச்சு அங்கேயே முறிந்தது என்று நினைத்தேன்.

கரீம் சாப் முதலில் குதிரையைத் தடவிக் கொடுத்தார். அப்புறம்தான் சம்பந்திக்குக் கை கொடுத்தார். "இதுக்குத்தானே சொன்னேன் ஸ்வாமி? மேட்டுல பாரம் பின்னால இருந்தா இதுக்கு மூச்சு முட்டும். வாயில்லாத ஜீவன்."

பட்டை இறுகிய இடம் கன்றிப்போயிருந்தது. இத்தனை வருஷம் ஜட்காவில் போகிறேன், குதிரையின் வயிற்றை அன்றுதான் பார்க்கிறேன். வெட்கமாக இருந்தது. "தப்பு என்னுதுதான் சாப்" என்றேன்.

ஆசீர்வாதம் சார் ஒன்றும் பேசவில்லை. வீட்டிலும் அப்படியே. எஸ்தர் கொடுத்த காபியைக் குடித்தார், மைசூர்பாகில் பாதியைத் தட்டிலேயே வைத்தார், "நல்லதும்மா" என்றார், சாயங்கால ரயிலைப் பிடித்துவிட்டார்.

அடுத்த ஐந்து நாள் எனக்கு வீட்டில் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. ஞானம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வந்த மனுஷரை ரோட்டுல தள்ளிட்டீங்களே!"

வியாழக்கிழமை கடிதம் வந்தது. வாசலிலேயே நின்று பிரித்தேன்.

'முதன்முதலாக வந்த இடத்தில் வண்டி குடைசாயக் காரணமாகிவிட்டேன். கூச்சத்தில் உங்கள் வீட்டாரோடு நான்கு வார்த்தை பேசவும் முடியவில்லை. தயவுசெய்து இதை மனத்தில் வைத்துக்கொண்டு என் மகனைத் தட்டிக் கழித்துவிட வேண்டாம்...'

அட! பெண்ணைப் பெற்றவனுக்குத்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்? பிள்ளையைப் பெற்றவருக்கும் அதே புளிதானா?

கடிதத்தை இரண்டு முறை உரக்கப் படித்தேன். ஞானம் சிரித்தே விட்டாள். எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை.

"அவர் உங்களுக்கு பயந்தார், நீங்க அவருக்கு பயந்தீங்க. சரிப்பா. பையன் வாயாடியா, உம்மணாமூஞ்சியா? இதுவரைக்கும் யாராவது என்கிட்ட சொன்னீங்களா? எனக்கும் பயமாத்தானே இருக்கு?"

சுருக்கென்றது. கட்டிக்கொள்ளப் போகிறவளைத் தவிர மற்ற எல்லோரையும் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறேன். குதிரை உட்பட!

பையன் நேரில் வரட்டும் என்று அன்றே பதில் எழுதினேன். உறையை ஒட்டுவதற்கு முன் எஸ்தரிடம் காட்டினேன். 'பெண்ணுக்குப் பூரண சம்மதம்' என்று நான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, மேலே அவள் கையெழுத்தில் எழுதினாள் — 'பார்த்த பிறகு சொல்கிறேன்.'