கடலில் இறக்கிய பாதாளக் கரண்டி

பெரியம்மா வீட்டில் எதை வேண்டுமானாலும் சும்மா கேட்டு வாங்கி வரலாம். ஏணி, கடப்பாரை, விசேஷத்துக்கு அண்டா, எல்லாம் தருவாள். பாதாளக் கரண்டியை மட்டும் சும்மா தரமாட்டாள். கிணற்றில் விழுந்த வாளியையும் குடத்தையும் துழாவித் தூக்குகிற இரும்புச் சாமான் அது. ஒரு வளையத்தில் கொத்துக் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும். அதை வாங்குகிறவர்கள் தங்கள் வீட்டுப் பாத்திரம் ஒன்றை அவளிடம் வைத்துவிட்டுப் போக வேண்டும். கரண்டி வந்தால்தான் பாத்திரம் போகும். பாகூர்ப் பக்கம் எங்கள் தெருவில் இது பழைய வழக்கம். வெறுங்கையாகக் கொடுத்தால் கொடுத்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். பாதிக் கிணறுகள் தூர்ந்து எல்லாரும் போர் போட்ட பிறகும் பெரியம்மா அதை விடவில்லை.

அந்தக் கரண்டியைக் கேட்கலாம் என்று ஆரம்பித்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. ஒதியம்பட்டுக்காரன், தினமும் பைக்கில் பாண்டிக்குப் போய் வேலை பார்ப்பவன். கடற்கரையில் வாடகைக்குப் படகு விட்டுக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை விட்டபோது, இரண்டு பேர் உட்காரும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கயாக் ஒன்றை அவரிடம் வாங்கி, வைக்க இடமில்லாமல் என் மோட்டார் கொட்டகையில் கொண்டுவந்து போட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று அன்றைக்கே சொன்னேன். நான் நெல்லும் கரும்பும் போடுகிறவன். எனக்குத் தெரிந்த தண்ணீர் ஏரித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்தான். ஆனால் அவனோடு இரண்டு தடவை கடலுக்குப் போய் நாலு சங்கரா மீன் பிடித்த பிறகு என்னையும் அந்த ஓணான் பிடித்துக்கொண்டது.

"மீன் இருக்கற எடத்துல நிக்கணும் மாமா. நாம நிக்காம மெதந்துகினே கீறோம். நங்கூரம் ஒண்ணு வேணும்," என்றான்.

"நங்கூரத்துக்கு எங்கடா போறது?"

"உங்க பெரீம்மா வூட்டுல கொக்கி வச்ச கரண்டி கீதே."

என் மனைவி சமையற்கட்டில் கைக்கு அகப்பட்ட பித்தளைச் செம்பைக் கொடுத்துக் கரண்டியை வாங்கி வந்தாள். கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டிய செம்பு. பேர் மாமியாருடையது. எங்கள் கல்யாணத்துக்கு அவர் வைத்த சீரில் மிச்சமாக நின்றது அது ஒன்றுதான். கல்யாணமான கொஞ்ச காலத்தில் அவர் போய்விட்டார். அப்போது மச்சான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து, சோறு போட்டு, அடித்துப் படிக்கவைத்து ஆளாக்கியது என் மனைவி. அவனுக்கு அவள் அக்கா இல்லை, அம்மா. அதனால்தான் அன்று விடியலில் குட்டியானை வண்டியில் கயாக்கை ஏற்றும்போது என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"இட்டுனு போறீங்க. இட்டுனு வரணும்."

"சின்னக் கொழந்தையா அவன்," என்று எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அது ஊருக்கே தெரியும்.

ஆனி மாதக் கடைசி. மூர்த்திக்குப்பம் கரையில் கடல், எங்கள் ஏரியைவிடச் சாதுவாகக் கிடந்தது. முதுகுக்குப் பின்னால் மேல்காற்று லேசாக வீசிக்கொண்டிருந்தது. மணலில் குந்தி வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களையும் கயாக்கையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"மேலக்காத்துபா. ஏறறதுக்குள்ள வந்துடுங்க."

"மேலக்காத்து எங்களுக்குப் புதுசாண்ணா? நெல்லு தூத்தற காத்து அது," என்றேன்.

அவர் மறுபடியும் வலைக்குக் குனிந்துகொண்டார்.

களத்து மேட்டில் நின்று கற்ற பாடம் அது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று எங்களுக்குச் சொன்னவர்கள், அந்தக் காற்று பதரை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறது என்று பார் என்று சொல்லவில்லை. ஏரியில் அலை இல்லையென்றால் காற்று இல்லை என்று அர்த்தம். கடலில் நிலத்துப் பக்கமிருந்து காற்று வீசினால் கரையோரம் வழுவழுவென்றுதான் கிடக்கும், அலையெல்லாம் உள்ளே போனபிறகுதான் எழும்பும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. துடுப்பை நனைத்தாலே கயாக் ஓடியது. "வெண்ணெ மாதிரி போவுது மாமா," என்று மச்சான் முன்சீட்டிலிருந்து குஷியாகச் சொன்னான். எங்களைத் தள்ளிக்கொண்டு போனது காற்று என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

கரைப் பனைமரங்கள் விளக்கமாற்றுக் குச்சிகளாகச் சிறுத்த இடத்தில், அடியில் பாறை இருக்கிறது என்று அவனுக்கு யாரோ அடையாளம் சொல்லியிருந்தார்கள். கரண்டியின் கயிற்றை முன்பக்கக் கைப்பிடியில் கட்டி இறக்கினான். எங்கள் கிணற்றாழம்தான் இருக்கும். கயிறு விண்ணென்று நின்றது. கயாக் கரையைப் பார்த்து மூக்கைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்றது. உடனே மீன் கடிக்க ஆரம்பித்தது. சங்கரா, அப்புறம் இன்னொரு சங்கரா, அப்புறம் நல்ல பாறை மீன் ஒன்று என் தூண்டிலை வளைத்து நரம்பை அறுத்துக்கொண்டு போனது.

"நீ மாடு புடிக்கத்தான் லாயக்கு மாமா," என்று சிரித்தான்.

"வாய மூடிக்கினு இரைய மாட்டுடா," என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் காற்று ஏறியதைக் கவனிக்கவில்லை. துடுப்பு தானாக உருண்டு என் காலில் இடித்தபோது நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சிறு அலைகள், எல்லாம் கரைப் பக்கமிருந்து எங்களை நோக்கி. முன்பக்கம் குத்திக் குத்தித் தண்ணீர் உள்ளே தெறித்தது. போகலாம் என்றேன். மச்சான் கயிற்றை இழுத்தான். வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். கயாக்கின் மூக்குதான் தண்ணீருக்குள் போனது. கவ்வினதை விடாமலிருப்பதற்காகவே கொல்லன் அடித்த சாமான் அது. அதைக் கொண்டுபோய்ப் பாறையில் மாட்டியிருந்தோம்.

"அறுத்துடுடா. கத்தி கீது பார்."

அவன் கத்தியை எடுக்கவில்லை. "கரண்டி போனா பெரீம்மா செம்ப குடுக்குமா?"

"செம்பாவது மண்ணாவது. அறுடான்னா."

"அம்மா பேரு வெட்டினது மாமா அது."

என் கிணற்றில் மோட்டாரின் புட்வால்வில் பாசி அடைத்துக்கொண்டால் இறங்குகிறவன் அவன்தான். தெருவே கூப்பிடும். மூச்சுப் பிடிப்பதில் அவனுக்கு ஈடு இல்லை என்று அவனுக்கே ஒரு நினைப்பு. நான் பேசி முடிக்கும் முன் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிச் சீட்டில் எறிந்துவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டான். ஜாக்கெட்டோடு முங்க முடியாது, வாஸ்தவம். ஆனால் கிணற்றில் மேலே வந்தால் படிக்கட்டு அதே இடத்தில் இருக்கும்.

ஒரு தடவை மேலே வந்தான். "மூணு கொக்கி மாட்டினு கீது. ரெண்ட எடுத்துட்டேன்."

"மேல ஏறுடா நாயே."

மூச்சை இழுத்துக்கொண்டு திரும்ப முங்கினான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கையிலிருந்த கயிறு திடீரென்று தொளதொளத்தது. எடுத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். கயிற்றை வேகமாகச் சுருட்டினேன். முனையில் கரண்டியும் இல்லை, அவனும் இல்லை. பாறையில் தேய்ந்து பிரிந்த நூல்கள்தான் இருந்தன.

நான் தலையைத் தூக்கியபோது அவன் மேலே வந்திருந்தான். ஆனால் பக்கத்தில் இல்லை. கயாக் அதற்குள் காற்றோடு கிளம்பியிருந்தது. அவனுக்கும் எனக்கும் நடுவில் எங்கள் வீட்டுக் களம் அளவுக்குத் தண்ணீர். அவன் நீந்தினான். நீந்த நீந்த நான் தள்ளிப் போய்க்கொண்டிருந்தேன். அவனுடைய ஜாக்கெட்டை எடுத்து முழுப் பலத்தோடு வீசினேன். எதிர்க்காற்று அதைத் தட்டி என் பக்கத்திலேயே போட்டது. துடுப்பால் இழுத்து எடுத்துக்கொண்டு, அவன் பக்கமாகத் துடுப்பு வலிக்க ஆரம்பித்தேன். முன்சீட்டு காலி. கனமில்லாத மூக்கைக் காற்று பிடித்துத் திருப்பித் திருப்பி நடுக்கடலைப் பார்க்க வைத்தது. வலது பக்கம் வலித்தேன், இடது பக்கம் வலித்தேன். வட்டம் போட்டதுதான் மிச்சம். அலைக்கு நடுவில் அவன் தலை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. ஒரு தடவை மறைந்தது நெடுநேரம் தெரியவில்லை.

அப்போது எனக்குக் கடவுள் ஞாபகம் வரவில்லை. வாசலில் நின்ற என் மனைவிதான் ஞாபகம் வந்தாள். அவளிடம் போய் என்ன சொல்வேன்? எந்த வாயால் சொல்வேன்?

சேற்றைச் சமன்செய்யப் பரம்படிக்கும்போது பலகை மேலே எழும்பினால் ஏறி மிதிப்போம். அந்தப் புத்திதான் வந்தது. முட்டி போட்டு ஊர்ந்து முன்சீட்டுக்குப் போனேன். கயாக் புரளப் பார்த்தது. மீன் போட்ட வாளி கவிழ்ந்து சங்கராவெல்லாம் கடலுக்கே போனது. என் கனம் முன்னால் விழுந்ததும் மூக்கு அமர்ந்து கரையைப் பார்த்தது. அதற்குப் பிறகு நான் துடுப்பு வலித்த விதத்தில் நிதானம் எதுவும் இல்லை. அவனைத் திட்டினேன், அவன் வாங்கிய கயாக்கைத் திட்டினேன், பெரியம்மாவைத் திட்டினேன், கொக்கி அடித்த கொல்லனைத் திட்டினேன். திட்டு நின்றால் கை நின்றுவிடும் போலிருந்தது. "இங்கதான்டா கீறேன், வாடா, வாடா," என்று இடையிடையே கத்தினேன். தொண்டையில் உப்புத்தண்ணீர்.

அவன் கை என் துடுப்பைப் பிடித்தது. ஜாக்கெட்டை அவன் கழுத்தில் மாட்டினேன். எருமை முதுகில் குப்புற விழுகிற மாதிரி பின்பக்கத்தில் விழுந்து ஏறிக்கொண்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. உள்ளங்கையெல்லாம் பாறை கிழித்து ரத்தம்.

"ஒரே கொக்கிதான் மாமா மிச்சம்," என்றான்.

திரும்பிக் கன்னத்தில் ஒன்று விட்டேன். அடித்த வேகத்தில் கயாக் ஆடியது. அவன் அழுதான். நானும் அழுதேன். வெட்கமென்ன இதில்?

கரைக்கு வந்தது தனிக் கதை. இரண்டு பேரும் வலித்தோம். ஒரு பனைமரத்தைக் குறி வைத்துக்கொண்டேன். வெகுநேரம் அது வளரவே இல்லை. கை ஓய்ந்தால் போச்சு என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அலை சிறுத்து, தண்ணீர் மறுபடியும் வழுவழுவென்று ஆனபோதுதான் மரத்தின் கீழே நின்ற ஆடு கண்ணுக்குத் தெரிந்தது. ஏறிய இடத்துக்கு எவ்வளவோ தெற்கே தள்ளி மணலில் விழுந்தோம்.

"அக்காகிட்ட சொல்லாத மாமா," என்றான்.

"கரண்டிக்கு இன்னா சொல்றது?"

வேறு எந்தச் சாமானாக இருந்தாலும் தொலைந்துவிட்டது என்று பூசி மெழுகியிருப்போம். செம்பு பெரியம்மா வீட்டுப் பரணில் உட்கார்ந்திருந்தது. அதைக் கேட்டு வாங்கப் போனால் கரண்டி எங்கே என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் என் மனைவி விடமாட்டாள்.

அவன் கையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தவுடனேயே அவள் கேட்டுவிட்டாள். நான்தான் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. அடுப்பை அணைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போன மாதிரி, பெரியம்மா வீட்டுக்கு இழுத்துப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

பெரியம்மா கதையைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். உள்ளே போய்ச் செம்பை எடுத்து வந்து நீட்டினாள்.

"இரும்புதானம்மா. போனா போவுது. புள்ள வந்தானே. எட்த்துனு போ."

என் மனைவி வாங்கவில்லை. "கரண்டி வந்தாதான் செம்பு, அத்த. அதான மொற?"

"நான்தான் குடுக்கறேன்றேனே."

"வாணாம். அது என் வூட்டுல இருந்தா செம்புதான் பெருசுன்னு இவன் அதுக்காவ இன்னொருவாட்டி குதிப்பான்." அப்புறம்தான் தம்பியைப் பார்த்தாள். "அம்மா செம்பாடா குடுத்தாங்க? ஒன்னத்தான்டா என் கையில குடுத்துட்டுப் போனாங்க."

மச்சான் தலையைத் தூக்கவில்லை. பெரியம்மா அந்தச் செம்பிலேயே தண்ணீர் மொண்டு வந்து அவனிடம் கொடுத்தாள். கிழிந்த கையால் அவனால் பிடிக்க முடியவில்லை. என் மனைவிதான் பிடித்துக் குடிக்கவைத்தாள். அவன் குடித்து முடித்ததும் செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அங்கேயே வைத்துவிட்டு வந்தாள்.